சடம் படியளக்குமா?

நந்தன் கால்வாயில் பனமலை ஏரிதான் கடைசி. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீரனூரில், துரிஞ்சலாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டில் பிரிகிற கால்வாய் அது. செஞ்சிச் சீமைக்குள் நுழைந்து, வழியில் உள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டே ஏறக்குறைய 38 கிலோமீட்டர் ஓடி எங்கள் ஊரில் முடிகிறது. அதை நம்பியிருக்கும் ஏரிகள் 36. மேலே உள்ளவை நிரம்பினால்தான் எங்களுக்குத் தண்ணீர். பல வருஷம் வந்ததில்லை. தென்பெண்ணைத் தண்ணீரை இந்தக் கால்வாயில் சேர்த்துவிடுங்கள் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரிசையின் கடைசியில் நிற்பது எப்படி இருக்கும் என்று பனமலையில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் இப்போது பார்க்கும் வேலையும் வரிசையைப் பார்த்துக்கொள்கிற வேலைதான். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் கணினித் தொகுப்பு ஒன்றை நிர்வகிக்கிறேன். ‘கிளஸ்டர்’ என்று சொல்வோம். ஒரு குளிரூட்டிய அறையில் அலமாரி அலமாரியாகக் கணினிகள், எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. இயற்பியல் துறையில் ஒருவர் உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நகர்கின்றன என்று கணக்குப் போடுவார். இயந்திரவியல் துறையில் ஒருவர் விசையாழியின் இதழ்மீது காற்று ஓடும் விதத்தைப் பார்ப்பார். இன்னொருவர் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாதிரி ஒன்றைப் பழக்குவார். ஒவ்வொருவரும் தம் வேலையை ‘ஜாப்’ என்று அனுப்பிவைப்பார்கள். இத்தனை சிபியூ வேண்டும், இத்தனை ஜிபியூ வேண்டும், இவ்வளவு மெமரி, இவ்வளவு மணி நேரம் என்று கேட்பார்கள். ‘ஷெட்யூலர்’ என்கிற மென்பொருள் யாருக்கு எப்போது எவ்வளவு என்று முடிவு செய்யும். திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் திறந்துவைத்த ‘பரம் பொருள்’ மீக்கணினி 838 டெராஃப்ளாப்ஸ் ஆற்றல் கொண்டது. எங்களுடையது அதன் முன் மிகச் சிறியது. ஆனால் சிக்கல் இரண்டு இடத்திலும் ஒன்றே. கேட்பவர்கள் எப்போதும் இருப்பதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள்.

இந்தப் பங்கீட்டையே இயந்திரக் கற்றலிடம் ஒப்படைக்கிற வழக்கம் சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. பழைய ஷெட்யூலரில் விதிகளை மனிதர் எழுதினார்கள். இப்போது, இதுவரை ஓடிய லட்சக்கணக்கான ஜாப்களின் பதிவைப் படித்து, பங்கிடும் முறையை மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்கிறது. அறிவில்லாத ஒன்று அறிவுள்ளவர்களுக்குப் பங்கு போடலாமா என்பது என் கேள்வி. கணினி வந்த பிறகு பிறந்த கேள்வி என்று நினைத்திருந்தேன். எங்கள் மண்ணில் அது எழுநூறு, எண்ணூறு வருஷமாக விவாதத்தில் இருக்கிறது.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே உண்டு. தமிழ்ச் சமணர்களின் மடம் மேல்சித்தாமூரில் இன்றும் இயங்குகிறது. சமணம் என்ன சொல்கிறது? வினை தானே பலன் தரும். நடுவில் வகுத்துக் கொடுக்க ஓர் இறைவன் வேண்டியதில்லை. உண்ட நஞ்சு தானே கொல்கிறது, உண்ட உணவு தானே உடம்பாகிறது. செய்த வினை நுண்ணிய பொருளாக உயிரோடு ஒட்டிக்கொண்டு, காலம் வரும்போது தானே விளைகிறது. யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாத ஒழுங்கு அது. அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. யாரிடமும் கெஞ்ச வேண்டாம், யாரையும் தாஜா செய்ய வேண்டாம்.

எங்கள் மாவட்டத்திலேயே, தென்பெண்ணைக் கரையோரத் திருவெண்ணெய்நல்லூரில், 13-ஆம் நூற்றாண்டில் இருந்தவர் மெய்கண்டார். அவருடைய சிவஞானபோதமும், அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியாரும் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கின்றன. வினை சடம், அதற்கு அறிவு கிடையாது என்பது சைவ சித்தாந்தத்தின் வாதம். யார் செய்தது, யாரிடம் போய்ச் சேர வேண்டும், எப்போது, எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. உயிருக்கும் தன் வினையின் பலனைத் தானே அறிந்து எடுத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. ஆகவே அறிவுள்ள ஒருவன் இரண்டையும் கூட்டிவைக்க வேண்டும். இறைவன் அதை எப்படிச் செய்கிறான் என்பதற்கு மெய்கண்டார் வயலைக் காட்டுகிறார். உழுதவர்கள் செய்த வேலைக்கேற்ப வயல் விளைவைக் கொடுக்கிறது. அது தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த இரண்டு கட்சிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஷெட்யூலரைப் பார்ப்போம்.

ஜாப் அனுப்புகிறவர்கள் தமக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தைத் தாண்டினால் ஜாப் பாதியில் வெட்டப்படும். அந்தப் பயத்தில் எல்லோரும் கூட்டிக் கேட்பார்கள். மூன்று மணி நேர வேலைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கேட்பது சாதாரணம். பெரிய ஜாப் ஒன்று இடம் காலியாவதற்காகக் காத்திருக்கும்போது, நடுவில் விழும் இடைவெளிகளில் சின்ன ஜாப்களைச் செருகி ஓட்டுவது ‘பேக்ஃபில்’. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் உருவான உத்தி இது. எல்லோரும் கூட்டிக் கேட்டால் எந்த ஜாப் உண்மையில் சின்னது என்று தெரியாமல் போகும். பயனரின் பழைய பதிவைப் படித்து, ‘இவர் பன்னிரண்டு கேட்டாலும் மூன்றில் முடிப்பார்’ என்று கணிக்கும் முறையை 2015-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் பேக்ஃபிலோடு சேர்த்துக் காட்டினார்கள். காத்திருக்கும் நேரம் குறைந்தது.

கூகுள் நிறுவனம் ‘ஆட்டோபைலட்’ என்ற ஏற்பாட்டைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. மனிதர்களே தேவையைக் குறித்துக் கேட்ட ஜாப்களில், ஒதுக்கியதில் 46 சதவீதம் பயன்படாமல் கிடந்தது. ஆட்டோபைலட் அளந்து கொடுத்தவற்றில் 23 சதவீதம்தான் வீண். மெமரி போதாமல் கடுமையாக அடிபட்ட ஜாப்கள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. பாதி கணினி சும்மா ஓடினால், அதற்குச் செலவாகும் மின்சாரமும் குளிரூட்டும் தண்ணீரும் வீண். தேவைக்கு மேல் அடைத்து வைத்திருப்பவரிடமிருந்து எடுத்துத் தேவைப்படுகிறவருக்குக் கொடுப்பது நல்ல காரியம். எவ்வளவு பெரிய பேராசிரியர் கேட்டாலும் இயந்திரம் பயப்படுவதில்லை. அதற்கு உறவு கிடையாது, சாதி கிடையாது, பண்டிகைக்கு இனிப்புப் பெட்டி கிடையாது. சமணர் சொன்ன ஒழுங்கு இதுதானோ என்று தோன்றும். நீ செய்ததன் பதிவுதான் உனக்கு வருவதைத் தீர்மானிக்கிறது, நடுவில் யாரும் இல்லை.

இங்கே என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பனமலை ஏரியில் நீர்க்கட்டி. கம்புகட்டி, தோட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மதகில் இறங்கி அடைப்பைத் தூக்குவதும் போடுவதும், எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்று பார்ப்பதும், ராத்திரியில் கரையைச் சுற்றி வருவதும் அவர் வேலை. வெயிலில் தன் நிழலைக் காலடியால் அளந்து பொழுதைக் கணிப்பார். ஆயக்கட்டில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. தமிழ்நாட்டின் ஏரிப் பாசன ஊர்கள் பலவற்றில் நீர்க்கட்டிகள் நிலமில்லாத தலித்துகள். எங்கள் குடும்பமும் அப்படித்தான். நிலம் இருக்கிறவன் கையில் மதகைக் கொடுத்தால் தண்ணீர் அவன் கழனிக்குத்தான் போகும் என்று ஊருக்குத் தெரியும். நிலமில்லாதவனிடம் கொடுத்தால் நடுநிலை தானாக வந்துவிடும் என்பது ஊர் கண்டுபிடித்த வழி. தாகத்துக்குத் தண்ணீர் தர ஆயிரம் கட்டுப்பாடு வைத்த ஊர்தான், தன் பயிரின் உயிரை அந்தக் கையில் கொடுத்தது. இந்த அநியாயத்தை மறைத்துவிட்டுப் பழைய முறையைப் புகழ்ந்து எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் தாத்தாவின் நடுநிலை வெறும் நிலமின்மையால் வந்ததாக நான் நினைக்கவில்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் ஒவ்வொரு கழனிக்காரரும் அவருக்கு நெல் அளப்பார்கள். அதுதான் கூலி. எந்தக் கழனி காய்ந்தாலும் அவர் வீட்டுக் குதிரில் ஒரு மரக்கால் குறையும். தனிப்பட்ட ஒரு கழனியில் அவருக்குப் பங்கில்லை, எல்லாக் கழனியிலும் சேர்த்துப் பங்கு இருந்தது. ஏரி முழுசாக நிரம்பாத வருஷங்களில் அவர் கடைமடையிலிருந்து பாய்ச்சிக்கொண்டு மேலே வருவாராம். தலைமடைக்காரர் கரைமேல் வந்து நின்று, “என்னடா, வாசல்ல இருக்கிற கழனி காயுது, நீ கடைசியில தண்ணி கட்டிக்கிட்டு இருக்கே?” என்று கேட்டால், “ஐயா, மேல இருந்து ஆரம்பிச்சா கடைசிக் கழனிக்கு எந்த வருஷமும் தண்ணி போகாதுங்க. அது நனையட்டும், நம்மளுது எங்க போயிடும்” என்று பதில் சொல்வாராம். என் பாட்டி சொல்லக் கேட்டது. அந்தப் பதிலைச் சொல்கிற அளவுக்கு அவரை விட்டுவைத்தது எது என்று யோசித்திருக்கிறேன். அவர் கரைமேல் நின்றார். முகம் இருந்தது. யாரும் வந்து கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன காரணம் ஊர் முன்னால் நிற்க வேண்டும்.

இப்போது எங்கள் கிளஸ்டருக்கு வருகிறேன். கணித்துப் பங்கிடும் மென்பொருளைப் பொருத்திய பிறகு பொதுவாக வரிசை வேகமாக நகர்ந்தது. அறிக்கைகளில் எல்லா எண்ணும் நன்றாக இருந்தது. அப்போது உயிரியல் துறையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி என் அறைக்கு வந்தாள். புரதம் ஒன்றின் மடிப்பைப் பற்றிய கணக்கு. “எனக்கு அப்புறம் போட்டவங்க எல்லாருக்கும் ஓடிடுச்சு மேடம். என்னோடது மட்டும் அப்படியே நிக்குது. நான் என்ன தப்பா குடுத்தேன்னு சொன்னீங்கன்னா மாத்திடுறேன்” என்றாள். அவள் கொடுத்ததில் தவறே இல்லை. எல்லோரையும் போலப் பன்னிரண்டு மணி நேரம் கேட்டிருந்தாள்.

பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது காரணம் ஓரளவு பிடிபட்டது. அவளுக்குச் சொந்த வரலாறு இல்லை. புதிய பயனர். வரலாறு இல்லாதவரை மென்பொருள் அவருடைய குழுவின் வரலாற்றைக் கொண்டு கணிக்கும். அந்தத் துறையிலிருந்து முன்பு ஒரே ஒருவர்தான் கிளஸ்டரைப் பெரிதாகப் பயன்படுத்தியிருந்தார். அவருடைய ஜாப்கள் பெரும்பாலும் கேட்ட நேரம் முழுவதும் ஓடி, கடைசியில் வெட்டுப்பட்டவை. மற்றத் துறைகளின் பன்னிரண்டு மணி நேரத்தை மூன்று என்று சுருக்கிக் கணித்த மென்பொருள், இவளுடையதைப் பன்னிரண்டாகவே வைத்துக்கொண்டது. எந்த இடைவெளியிலும் பொருந்தாமல் அது காத்துக் கிடந்தது. கடைசியில் ஓடியபோது ஐந்து மணி நேரத்தில் முடிந்தது.

இது என் மனத்தை உறுத்துவதற்குக் காரணம் தாமதம் இல்லை. தாமதம் எல்லோருக்கும் வரும். யாரோ படித்து முடித்துவிட்டுப் போனார், அவர் செய்ததன் பலனை இவள் அனுபவித்தாள். சமணமும் சைவமும் ஆயிரம் விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டாலும், ஒன்றில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அவரவர் வினை அவரவருக்கு. வினை தானே ஊட்டுகிறதா, இறைவன் ஊட்டுகிறானா என்பதுதான் சண்டை. ஒருவருடைய வினையை அவரைப் போன்ற சாயலுள்ள இன்னொருவருக்கு ஊட்டலாம் என்று எந்த ஆசாரியரும் சொன்னதில்லை. இயந்திரக் கற்றல் தன் இயல்பிலேயே அதைத்தான் செய்கிறது. உன்னை எனக்குத் தெரியாது, உன்னைப் போன்றவர்களைத் தெரியும், அவர்களைக்கொண்டு உன்னை மதிப்பிடுகிறேன் என்பதே அது கற்கும் முறை. இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த மதிப்பீடு புதிதில்லை. பிறந்த தெருவை வைத்து ஆளை அளந்தவர்களின் வாதமும் இப்படித்தான் ஓடியது. மென்பொருளுக்கு வெறுப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அளவுகோல் ஒன்றாக இருக்கும்போது வெறுப்பில்லாமல் அளந்தாலும் வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறவர் தள்ளப்படுகிறார். கிடைக்காதவர் ஜாப் ஓட்ட மாட்டார், ஓட்டாதவருக்கு வரலாறு சேராது, வரலாறு இல்லாதவருக்கு மறுபடியும் கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. கற்கும் ஷெட்யூலருக்கு நாம் ஓர் இலக்கு கொடுக்க வேண்டும். எதைக் குறைத்தால் உனக்குப் பரிசு என்று சொல்லிவைக்க வேண்டும். 2016-இல் எம்ஐடி, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ‘டீப்ஆர்எம்’ என்ற சோதனை ஷெட்யூலரை உருவாக்கினார்கள். ஜாப்கள் சராசரியாக எவ்வளவு இழுபடுகின்றன என்பதைக் குறைப்பதே அதற்கு முதன்மையாகக் கொடுத்த இலக்கு. யாரும் சொல்லித்தராமலே அது ஓர் உத்தியைக் கற்றுக்கொண்டது. இடம் காலியாக இருந்தாலும் பெரிய ஜாப்களை நிறுத்திவைத்து, இனிமேல் வரக்கூடிய சின்ன ஜாப்களுக்காக அந்த இடத்தை ஒதுக்கியது. சராசரி குறைந்தது. சோதனையாக அது அருமையான வேலை, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் காத்திருக்கிற பெரிய ஜாப்பின் பக்கத்திலிருந்து பாருங்கள். கண் முன்னே இடம் காலியாக இருக்கிறது, வரிசையில் இன்னும் வந்து நிற்காத ஒருவருக்காக உனக்கு இல்லை என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், சராசரிக்காக. 36 ஏரிகளின் சராசரி நீர்மட்டம் உயர்ந்தது என்று அறிக்கை வந்த வருஷத்திலும் பனமலை ஏரி வறண்டு கிடக்கலாம். சராசரிக்குக் கடைமடை தெரியாது. கடைமடை தெரிய வேண்டுமானால் ஒரு மனிதர் அதைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அங்கே பிறந்திருக்க வேண்டும்.

எதற்கு முதலிடம் என்பதைப் பழைய பதிவு சொல்லாத நேரங்களும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. எங்களுக்குக் கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. இப்படிப்பட்ட புயலையும் மழையையும் கணித்துத் தரும் வானிலைக் கணினிகள் புனேயிலும் நொய்டாவிலும் இருக்கின்றன. புயல் நாளில் வானிலைக் கணக்குத்தான் முதலில், மற்ற ஆராய்ச்சி காத்திருக்கட்டும் என்று முடிவெடுப்பது உயிரின் மதிப்பு தெரிந்த மனிதரின் வேலை.

ஆக, மெய்கண்டார் பக்கம் சாய்கிறேன். ஆனால் அறிவுள்ள ஒருவர் பங்கிட்டால் போதும் என்று அவரோடு நின்றுவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் அறிவுள்ள மனிதர்கள் செய்த பங்கீட்டில் என் குடும்பம் பட்டது தெரியும். அறிவுள்ளவன் கேள்விக்குக் கட்டுப்பட்டவனாகவும் இருக்க வேண்டும். சைவத்தின் கதைகளே இதைச் சொல்கின்றன என்று நான் படிக்கிறேன்.

மார்கழித் தேய்பிறை அஷ்டமியில் மதுரையில் சப்பரம் வீதி சுற்றி வரும். வழியெல்லாம் அரிசி இறைப்பார்கள். எல்லா உயிருக்கும் சிவன் படியளக்கிறாரா என்று பார்வதிக்கு ஒரு சந்தேகம். ஓர் எறும்பைப் பிடித்துச் சிமிழில் அடைத்து மூடிவிட்டாள். மறுநாள், எல்லோருக்கும் அளந்தாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றார். சிமிழைத் திறந்தால் எறும்பின் வாயில் ஓர் அரிசி. இந்தக் கதையைச் சிவனின் பெருமைக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது பார்வதியின் சோதனை. ஒருநாள் பங்கீடு சரியாக நடந்ததா என்று, உலகத்திலேயே மிகச் சிறிய உயிரை வைத்து, பங்கிடுகிறவனுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் தணிக்கை செய்தாள். அவன் கோபிக்கவில்லை. திறந்து பார் என்றான். திருவெண்ணெய்நல்லூர்க் கதையும் அப்படித்தான். சுந்தரரைத் தன் அடிமை என்று சொல்லி வந்த கிழவர், சபையார் ஆதாரம் கேட்டதும் மூல ஓலையை எடுத்துக் கொடுத்தார். சபையார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான் இறைவன், என்னையே கேட்கிறீர்களா என்று அவர் எழுந்து போகவில்லை.

பனமலைக் குன்றின் உச்சியில் ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு சிற்றறையின் சுவரில் பார்வதியின் ஓவியம். தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றிச் சாய்ந்து நிற்கிறாள். பக்கத்தில் சிவன் ஆடுகிறான், அவன் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குன்றுக்குக் கீழே ஏரி. கலை வரலாறு எழுதியவர்கள் அவள் பார்வையில் காதலைப் பார்த்தார்கள், சரிதான். ஏரிக்கரையில் வேலை செய்த குடும்பத்துப் பெண்ணாகிய நான் அதில் கவனத்தையும் பார்க்கிறேன். ஆடுகிறவன் ஓர் அடி பிசகினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகளை வெட்டிவைத்தார்கள். குடவோலை போட்டு ஆறு பேர், ஒரு வருஷப் பதவி. நிலமும் கல்வியும் உள்ள பிராமணர்களுக்கு மட்டுமான சபை அது. என் தாத்தாவுக்கு அங்கே வாசற்படி வரைகூட வழியில்லை. ஆனாலும் ஒரு விதியை அதிலிருந்து எடுத்துக்கொள்வேன். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மறுபடி குடத்தில் ஓலை போடத் தகுதியற்றவர்கள். கணக்குக் காட்டாத கை மதகைத் தொடக் கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் எழுதியிருக்கிறது.

கற்கும் ஷெட்யூலர் கணக்குக் காட்டுமா? நாங்கள் அந்த மாணவி விஷயத்தில் கண்டுபிடித்தது ஊகம்தான். நூற்றுக்கணக்கான எண்களைப் பெருக்கிக் கூட்டி ஒரு மதிப்பெண் வருகிறது, அந்த எண்களில் எது அவளைப் பின்னால் தள்ளியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எண்களைப் படித்துக் காரணம் சொல்லும் உத்திகள் வளர்ந்து வருகின்றன, நல்லது. அவை முழுமையாக வந்தாலும் காரணம் கிடைக்குமே தவிர, பொறுப்பு கிடைக்காது. தாத்தா தவறாகப் பாய்ச்சினால் அவர் வீட்டு நெல் குறையும். இயந்திரம் தவறாகப் பங்கிட்டால் அதன் குதிரில் எதுவும் குறைவதில்லை. அது வயலைப் போலத் தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாதது என்று சிலர் சொல்வார்கள். மெய்கண்டார் தம் உவமையில் வயலைக் காட்டி, வயலுக்குப் பின்னால் அறிந்து நிற்கும் ஒருவனைத்தான் சொல்கிறார். வயல் மட்டும் இருந்து அவன் இல்லையென்றால் அது வெறும் மண்.

அதனால் இயந்திரக் கற்றலைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. 46 சதவீத வீணை 23 ஆக்குகிற ஒன்றை வேண்டாம் என்று தள்ளினால், காத்திருக்கும் மாணவர்களுக்குத்தான் நட்டம். எங்கள் கிளஸ்டரில் அது இன்றும் ஓடுகிறது. கணிப்பை அது சொல்லலாம், மதகு மனிதர் கையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டோம். வரலாறு இல்லாத புதியவரைக் குழுவின் பதிவை வைத்து எடைபோடுவதை நிறுத்தினோம். அவர் சொன்னதை அப்படியே நம்பித் தொடங்குகிறோம். குறிப்பிட்ட காலத்துக்கு மேல் காத்திருக்கிற ஜாப் எதுவானாலும், சராசரி கெட்டாலும், முன்னே வரும். வரிசையைப் பற்றிப் புகார் சொல்ல ஓர் ஆளின் பெயரும் அறை எண்ணும் கதவில் ஒட்டியிருக்கிறது. அது என் பெயர். கேள்வி கேட்டு வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன், பதில் தெரியாதபோது அவர்கள் ஜாப்பை என் கையால் முன்னே நகர்த்துகிறேன். அப்படி நகர்த்தியதையும் எழுதி எல்லோரும் பார்க்க வைக்கிறேன், ஏனென்றால் என் கையும் தணிக்கைக்கு உட்பட்டது.

2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ‘இந்தியாஏஐ’ திட்டத்துக்கு 10,371.92 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. ஆயிரக்கணக்கான ஜிபியூக்களைக் குறைந்த வாடகைக்கு ஆராய்ச்சியாளர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கொடுப்பது அதில் பெரிய பங்கு. பொதுப் பணத்தில் வெட்டிய ஏரி அது. நாளைக்கு அதன் பங்கீட்டையும் கற்கும் மென்பொருளிடம் விடுவார்கள் என்றால், விடுவதற்கு முன் மூல ஓலையைக் கேட்க வேண்டும். எந்த இலக்குக்காகப் பங்கிடுகிறது, கடைசியில் நிற்பவர் எவ்வளவு காலம் நிற்கலாம், யார் பெயரில் பதில் வரும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஜாப் நின்றுகிடந்தால், நீங்கள் ஏதோ தப்பாகக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பிப் போகாதீர்கள். கிளஸ்டர் அறைக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். வாய்வார்த்தையில் பதில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.